நிர்வாக மாற்றத்தின்போது உலகளாவிய திருச்சபையின் ஐக்கியத்தைக் காப்பது எப்படி?

பல நாடுகளில் பரவியுள்ள ஒரு திருச்சபை தன் நிர்வாக அமைப்பை மாற்ற முனையும்போது அதற்கென ஒரு குழுவை நியமிக்கிறது. அந்தக் குழுவும் பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே புதிய அமைப்பின் வரைபடத்தைத் தாளில் போடத் தொடங்கிவிடுகிறது. அந்த வேலையைச் சற்றுத் தள்ளிவையுங்கள். எந்த முடிவை எந்த நிலையில் உள்ளவர்கள் எடுக்கலாம், அது யாரையெல்லாம் கட்டுப்படுத்தும் என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விடை எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை எழுதி முடிக்க வேண்டும்.

அதுவும் பூசல் மூளுவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் அனுபவமே சான்று. கேன்டர்பரி தலைமைப் பேராயர், பேராயர்கள் 1867 முதல் கூடிவரும் லாம்பெத் மாநாடு, ஆலோசனைப் பேரவை, தலைமைப் பேராயர்களின் கூட்டம் என்ற நான்கும் இந்தத் திருச்சபைகளை இணைக்கின்றன. ஆயினும் அந்தந்த நாட்டுத் திருச்சபையைக் கட்டாயப்படுத்தும் சட்ட அதிகாரம் இவற்றில் எதற்கும் இல்லை. 2003இல் அமெரிக்காவில் ஒருபாலினத் துணையுடன் வாழ்ந்த ஒருவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டதையொட்டிக் கருத்து வேறுபாடு முற்றிய பின்னரே, எல்லாத் திருச்சபைகளும் ஏற்க வேண்டிய ஓர் உடன்படிக்கையை 2004ஆம் ஆண்டின் வின்ட்சர் அறிக்கை முன்மொழிந்தது. சண்டைக்கு நடுவே எழுதப்படும் விதியை ஒரு தரப்பு தன்னைத் தண்டிக்க வந்ததாக வாசிக்கும். மறுதரப்போ அதில் கண்டிப்பு போதாது என்று ஒதுக்கும். 2012இல் இங்கிலாந்துத் திருச்சபையின் 44 திருமண்டலங்களில் 26 அந்த உடன்படிக்கையை நிராகரித்தன.

அடுத்ததாக, விசுவாசத்தையும் நிர்வாக ஏற்பாட்டையும் பிரித்தறிய வேண்டும். எது நம் விசுவாச அறிக்கை, எது நாம் சேர்ந்து கைக்கொள்ளும் ஒழுங்கு, எது வெறும் நிர்வாக வசதி என்று மூன்றாக வகுத்துக்கொள்வது நல்லது. நடுவில் உள்ள வகைதான் எப்போதும் பெரிதாக இருக்கும். தகராறும் அங்கேதான் பிறக்கும். இந்தப் பகுப்பைத் தலைமையகமே செய்து அனுப்பிவிடக் கூடாது. ஒவ்வொரு வட்டாரமும் மற்றவர்களின் பட்டியலைப் பாராமல் தன் பட்டியலைத் தயாரிக்கட்டும். பிறகு அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டால், ஒரு வட்டாரம் வெறும் வசதி என்று எழுதியதை இன்னொரு வட்டாரம் விசுவாசம் என்று எழுதியிருக்கும் இடங்கள் தெரியவரும். விரிசல் விழப்போவது அங்கேதான் என்பதால், குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை அந்தச் சில இடங்களுக்கே ஒதுக்கலாம்.

புதிய அமைப்பை உலகெங்கும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்துவதைவிட ஓரிடத்தில் நடத்திப் பார்ப்பது பாதுகாப்பானது. 1863இல் ஏறத்தாழ 3,500 உறுப்பினர்களுடன் பொதுமாநாடு என்ற தலைமை அமைப்பை ஏற்படுத்திக்கொண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு திருச்சபை, நூற்றாண்டின் இறுதியில் பல கண்டங்களுக்குப் பரவிவிட்டபோதும், கப்பலில் கடிதம் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆன அக்காலத்திலும், அதன் முடிவுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் இருந்த சிலரிடமே குவிந்துகிடந்தன. வட்டார மாநாடுகள் எனப்படும் உள்ளூர் அமைப்புகளை இணைத்து ஒரு யூனியனாக்கி, அதற்கு முடிவெடுக்கும் பொறுப்பைத் தரும் முறை 1894இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது. 1901இல் பொதுமாநாடு அதே முறையைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்றபோது, உறுப்பினர்கள் முன்னால் இருந்தது ஏழு ஆண்டுகள் நடந்து பார்த்த ஓர் அமைப்பு. இவ்விதமான முன்னோட்டத்துக்குக் காலம் தராமல் அவசரப்படுத்துவோரின் நோக்கத்தை நான் சற்று ஐயத்துடனேயே பார்ப்பேன்.

வாக்கெடுப்புக்கு வருவோம். பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தால் தீர்மானம் நிறைவேறும். ஐக்கியத்துக்கு அது போதாது. ஐக்கிய மெதடிஸ்டு திருச்சபை 2019இல் செயின்ட் லூயிஸில் கூட்டிய சிறப்பு மாநாட்டில், ஒருபாலினத் திருமணத்துக்கு இருந்த தடையை வலுப்படுத்தும் ‘பாரம்பரியத் திட்டம்’ 438க்கு 384 என்ற வாக்கில் நிறைவேறியது. அதே மாநாடு, குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி ஒரு சபை தன் சொத்துடன் விலகிச் செல்லவும் 2023 இறுதிவரை வழி திறந்தது. அந்தக் கெடுவுக்குள் அமெரிக்காவில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, விலகின. விலகும் வழியே இல்லாவிட்டால் சொத்து வழக்குகள் நீதிமன்றத்தில் இழுபடும் என்பது உண்மைதான். ஆனால் குறுகிய கெடுவுடன் அமைந்த வழி, இன்னும் மனம் தீர்மானிக்காதவர்களையும் வாசலை நோக்கித் தள்ளுகிறது என்றே கருதுகிறேன். ஆகவே விலகும் விதி இருக்கட்டும், கெடு வேண்டாம். அமைப்பையே மாற்றும் தீர்மானத்துக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கேட்பதோடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனியாகப் பெரும்பான்மை கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்ப்பது நலம்.

வாக்களிக்க வேண்டியவர் வந்து சேர முடிகிறதா என்பதும் ஐக்கியத்தைச் சேர்ந்த காரியமே. அதே திருச்சபையின் 2020ஆம் ஆண்டுப் பொதுமாநாடு, பெருந்தொற்றாலும் விசா தாமதங்களாலும் தள்ளிப்போய் 2024இல்தான் சார்லட் நகரில் நடந்தது. பிரதிநிதிகளின் அழைப்புக் கடிதங்களை ஓராண்டு முன்பே அனுப்புங்கள். தொலைவிலிருந்து வாக்களிக்கும் முறையைத் திருச்சபைச் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவுத் தீர்மானங்களை எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பு இரண்டு வாரம் பிந்தினால், அந்த மொழியினர் முடிந்துபோன விவாதத்தின் முடிவை மட்டுமே வாசிப்பார்கள்.

ஊழியர்களின் சம்பளம், ஓய்வூதியம், கட்டடங்களின் உரிமைப் பத்திரம் ஆகியவை யாரிடம் இருக்கும் என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். இது தெரியாதவரை மற்ற விளக்கங்கள் காதில் ஏறா.

முடிவை அறிவிப்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது. புறஜாதியாருக்கு விருத்தசேதனம் தேவையா என்ற வழக்கில் எருசலேமில் கூடியவர்கள் நெடுநேரம் தர்க்கித்தார்கள். பேதுரு, பர்னபா, பவுல், யாக்கோபு ஆகியோர் பேசினார்கள். முடிவாக ஒரு சிறு கடிதம் எழுதப்பட்டது. ஆனால் கடிதத்தை மட்டும் அவர்கள் அனுப்பவில்லை. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது, எருசலேம் சபையில் மதிப்புப் பெற்றிருந்த யூதாவும் சீலாவும் அவர்களுடன் சென்று, எழுதப்பட்டதை வாய்மொழியாகவும் விளக்கினார்கள். உங்கள் சுற்றறிக்கையும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். அதை எடுத்துச் செல்வோரில் ஒருவராவது தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்துப் பின் அதற்குக் கட்டுப்பட்டவராக இருக்கட்டும். தயங்கி நிற்கும் சபைகள் முதலில் கேள்வி கேட்கப்போவது அவரிடம்தான்.