வெயில், கொசு, வெள்ளம், புகை: குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது

"தலை சுத்துது", "வாய் உலருது" என்றெல்லாம் குழந்தை வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். விளையாட்டில் இறங்கிவிட்டால் அதற்குத் தாகமே நினைவுக்கு வராது, கைக்குழந்தைக்கோ அழுகையைத் தவிர வேறு மொழி கிடையாது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம். வியர்வையும் குறைவு என்பதால் வெளிச்சூடு சட்டென்று உள்ளே இறங்கிவிடும். யுனிசெஃப் 2021இல் போட்ட கணக்குப்படி, உலகத்தின் 220 கோடி குழந்தைகளில் சுமார் 100 கோடி பேர் பருவநிலை ஆபத்து மிக அதிகமாக உள்ள நாடுகளில் வாழ்கிறார்கள். அரசுகள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் இன்று மதியம் வீட்டில் செய்ய வேண்டியதை நாம்தான் செய்தாக வேண்டும்.

முதலில் வெயில். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வெயில் படக்கூடாதே என்று அவளுடைய தள்ளுவண்டியின் மேல் மெல்லிய துணியைப் போர்த்திக்கொண்டு போனேன். கால்மணி நேரம் கழித்து உள்ளே கையை விட்டால் அனல் அடிக்கிறது, பிடரி முடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடக்கிறது, அவளோ சத்தமே இல்லாமல் துவண்டு படுத்திருக்கிறாள். நிழல் கிடைத்ததே தவிர காற்று அடைபட்டுப்போனது. அன்றிலிருந்து வண்டியை மூடுவதில்லை, குடைதான். சூடு பார்க்கக் கையையோ காலையோ தொடாமல் பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். சறுக்குமரத்தில் ஏற்றிவிடும் முன் உங்கள் புறங்கையை அதன்மேல் ஐந்து வினாடி வையுங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அந்தப் பிஞ்சுத் தொடை வெந்துவிடும்.

நிறுத்திவைத்த காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. இதில் மறதிதான் பெரிய எதிரி என்பதால் போனையோ கைப்பையையோ பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள், இறங்கும்போது எப்படியும் திரும்பிப் பார்ப்பீர்கள்.

தண்ணீரைக் கேட்டால் கொடுப்பது என்றில்லாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தண்ணீர் வேண்டாம், எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, டயப்பர் காய்ந்தே இருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, மயங்குகிறது அல்லது வலிப்பு வருகிறது என்றால் அது வெப்பவாதம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய், துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

அப்புறம் கொசு. வெப்பம் கூடக் கூட டெங்கு கொசு புதுப்புது இடங்களுக்குப் பரவுகிறது, அதன் காலமும் நீளுகிறது. அது சாக்கடையைத் தேடுவதில்லை, பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், பழைய டயர் என்று தெளிந்த நீர் தேங்கும் இடத்தில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் பாத்திரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இது பகலில் கடிக்கும் கொசு, அதனால் பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

டெங்கு சந்தேகம் இருந்தால் பாரசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கேற்ற அளவில். ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும், கூடவே கூடாது. இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வெள்ளம் வடிந்தபின் வருவது வயிற்றுப்போக்கு. குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள், தேங்கிய நீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கைக்கணக்கில் போடாதீர்கள், கூடினால் அதுவே ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

புகை மூட்டமான நாட்களில் ஜன்னலைச் சாத்தி, ஓட்டம் குதியாட்டத்தை நிறுத்தி, வீட்டுக்குள் கொசுவர்த்திச் சுருளையும் ஏற்றாமல் இருங்கள். பெரியவர்களின் முகக்கவசம் சின்ன முகத்தில் இடைவெளி விடும், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்தக் கவசமும் போடக்கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரில் மருந்து மீதமிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சரி, இதெல்லாம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் பார்த்துக்கொள்பவருக்கும் இது தெரிய வேண்டும். குழந்தையின் எடை, அந்த எடைக்கான மருந்தளவு, மருத்துவரின் எண், எந்த அறிகுறிக்கு உடனே கிளம்ப வேண்டும் என்று நாலு வரி பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். எடை ஏற ஏற அந்த மருந்தளவு வரியை மட்டும் மருத்துவரிடம் கேட்டு மாற்றி எழுதினால் போதும்.