வெள்ளை படர்ந்த மணி பிளான்ட்: வீட்டுக்குள் வளர்க்கும் முறை

பச்சையும் வெள்ளையும் கலந்த மார்பிள் குயீன் மணி பிளான்ட்டை வாங்கியவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இலையில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் கிடையாது. மிச்சமுள்ள பச்சைதான் கொடி முழுவதற்கும் உணவு தயாரிக்கிறது. அதனால் சாதாரண மணி பிளான்ட்டைவிட இது மெதுவாகத்தான் வளரும். வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும்.

படி 1: இடம்
நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலை ஒட்டி வையுங்கள். உச்சி வெயில் நேராகப் பட வேண்டாம், வெள்ளைப் பகுதி கருகிவிடும். உயரத்தில் தொங்கவிடுபவர்கள் கவனிக்க: வெளிச்சம் தொட்டியின் மேற்பரப்பிலும் விழ வேண்டும். கீழே தொங்கும் கொடிக்கு மட்டும் கிடைத்தால், நாளடைவில் மேலே இலை உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும்.

படி 2: தொட்டி
அடியில் துளை கட்டாயம். மண்ணோடு தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) கலந்தால் நீர் தேங்காது.

படி 3: தண்ணீர்
கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் மஞ்சளானால் பெரும்பாலும் வேர் அழுகத் தொடங்கியிருக்கும்.

படி 4: வெட்டுதல்
பலரும் தயங்கும் வேலை, ஆனால் இந்தச் செடிக்கு மிக முக்கியமானது. சில கிளைகள் முழுப் பச்சையாக மாறும். அவை வேகமாக வளர்வதால், விட்டால் தொட்டியே பச்சையாகிவிடும். அந்தத் தண்டில் பின்னோக்கி வாருங்கள். இரு நிறமும் கலந்த கடைசி இலை இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே, அதாவது நுனிப் பக்கமாக, வெட்டுங்கள். தண்டிலும் வெள்ளைக் கோடு ஓடும் கணுவாக இருந்தால், கலப்பு நிறத்தில் துளிர் வரும் வாய்ப்பு அதிகம். முழு வெள்ளைக் கிளை எவ்வளவு அழகாக இருந்தாலும் தனக்கான உணவைத் தானே தயாரிக்காது. அதையும் எடுத்துவிடுவதே நல்லது.

படி 5: புதுச் செடி
ஒரு கணுவாவது உள்ள துண்டைத் தண்ணீரில் வையுங்கள். கணு மூழ்க வேண்டும், இலை மூழ்கக் கூடாது. தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். சில வாரங்களில் வேர் வரும். இரண்டு அங்குலம் நீண்டதும் அதே தொட்டியின் வெறுமையான இடத்தில் நட்டால் செடி அடர்த்தியாகும்.

வெட்டிய துண்டுகளைத் தரையில் போட்டுவிடாதீர்கள். இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும். குழந்தைகள், பூனை, நாய் உள்ள வீட்டில் கொடி நுனியும் அவர்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கட்டும்.