பழைய ஜீப் ரிம்மில் டியூப்லெஸ் டயர்: ரிவெட் முதல் வால்வு வரை

டியூபை எடுத்துவிட்டால் அதன் வேலை ரிம்மின் தலையில் விழுகிறது. வில்லிஸ் ஜீப், லேண்ட் ரோவர் சீரிஸ் போன்ற பழைய வண்டிகளின் ரிம் காற்றை அடைத்து வைக்கச் செய்யப்பட்டதல்ல. டயரைத் தாங்கினால் போதும், காற்றை டியூப் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கில் வந்தது. அதனால் கீழே வருவதில் முக்கால்வாசி ரிம் வேலைதான். சக்கரம் கழற்றுவதும் டயரைப் பிரிப்பதும் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

1. ரிம் தேறுமா?

இரண்டு துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்த ரிம்மையும் (போர்க்கால ஜீப்பின் காம்பாட் ரிம் இந்த வகை), பூட்டு வளையம் (டயரைப் பிடித்து நிறுத்தும் தனி வளையம்) உள்ள ரிம்மையும் ஒதுக்கிவிடுங்கள். இணைப்பு வழியே காற்று போய்விடும். காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

ஒரே துண்டு ரிம் என்றால், பீட் (ரிம்மில் பொருந்தும், உள்ளே கம்பி உள்ள டயர் ஓரம்) உட்காரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். அதற்கும் நடுப்பள்ளத்துக்கும் இடையே சுற்றிலும் ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டால் அதுதான் ஹம்ப். காற்று குறைவாக இருக்கும்போது வளைவில் பீட் பள்ளத்துக்குள் நழுவாமல் தடுப்பது அது. பழைய ரிம்களில் பெரும்பாலும் இருக்காது. டியூப் இல்லாத டயரில் பீட் நழுவினால் மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும். எனவே மணலிலும் பாறையிலும் காற்றை இறக்கி ஓட்டுபவர்கள் ஹம்ப் இல்லாத ரிம்மில் இதைச் செய்யவே வேண்டாம். டியூபோடு இருங்கள், அல்லது ரிம்மை மாற்றுங்கள். லேண்ட் ரோவர்காரர்களுக்கு 16 அங்குல வுல்ஃப் ரிம் நல்ல வழி. அதன் நடுத்தகடு (வண்டியில் நட்டு போட்டு மாட்டும் பகுதி) தடிமனானது. அதனால் ஸ்டட் நீளம் போதுமா, நட்டு முழுதாக மரை ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. துருவை எடுப்பது

பீட் உட்காரும் தளத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் பிறகு 80, 120 எண் உப்புத்தாளாலும் தேய்த்து வெறும் இரும்பாக்குங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் குழி இருந்தால் காற்று அந்த வழியே கசியும். பெயின்ட் இன்னும் வேண்டாம்.

3. ரிவெட் கசிவு

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரிம்மும் நடுத்தகடும் ரிவெட்டால் இணைக்கப்பட்டிருந்தால், காற்று ரிவெட் தலையின் அடியில் புகுந்து, இரண்டு தகடுகளுக்கும் இடையே ஊர்ந்து, எங்கோ தள்ளி நடுத்தகட்டின் ஓரத்தில் வெளிவரும். சோப்பு நுரை அங்கேதான் பொங்கும். அந்த ஓரத்தை அடைத்தால் காற்று அடுத்த இடுக்கில் வரும், அதையும் அடைத்தால் இன்னொன்றில். வெளியே பூசும் பசையைக் காற்று தள்ளிப் பெயர்க்கிறது. டயர் பக்கமிருந்து பூசினால் அதே காற்று அதை அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே அடைப்பது எப்போதும் உள்ளிருந்துதான்.

எந்த ரிவெட் என்று கண்டுபிடிக்க: சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து வெளிப்பக்கம் பூசிக் காயவிடுங்கள். டயர் பக்கம் ஒவ்வொரு ரிவெட்டிலும் வெல்டிங் தையலிலும் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளையில் ஈரக்கறை வந்தால் வழி இருக்கிறது. ரிவெட்டுக்கு ரிவெட் நேர இடைவெளி விட்டுத் தடவினால் எது என்றும் தெரியும். கறை வராத ரிவெட்டையும் சேர்த்தே அடைத்துவிடுங்கள்.

சுத்தியலால் தட்டும்போது ரிவெட் ஆடினால் அந்த ரிம் டியூபுக்கும் லாயக்கில்லை, கழித்துவிடுங்கள். உறுதியாக இருந்தால் தின்னரால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, ரிவெட் தலையைச் சுற்றிப் பாலியூரிதேன் சீலன்ட் பூசி, குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். 2 மி.மீ. தடிமன் போதும். அதிகமானால் டயர் ஏற்றும்போது பீட் நடுப்பள்ளத்தில் இறங்காது. புளிப்பு வாடை வரும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் இரும்பை அரிக்கும். ரிவெட்டைச் சுற்றி வெல்டிங் வைப்பவர்களும் உண்டு. சூட்டில் ரிம் கோணும், ரிவெட்டின் பிடியும் தளரும். என் ஓட்டு சீலன்டுக்கே.

4. வால்வுத் துளை

கண்ணளவு வேண்டாம், வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 11.5 மி.மீ. துளைக்கு டிஆர் 413, 16 மி.மீ. துளைக்கு டிஆர் 415 என்ற ரப்பர் வால்வு. டியூப் ரிம்களில் துளை சில சமயம் நீள்வட்டமாக இருக்கும், அதில் ரப்பர் வால்வு நிற்காது. துளை வட்டமாகவும் சுற்றுப்புறம் சமமாகவும் இருந்தால், இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து நட்டால் இறுக்கும் உலோக வால்வே என் தேர்வு. துளை ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுக்காமல் எந்த வால்வையும் போடாதீர்கள்.

5. ஏற்றுவது

டயரின் பக்கத்தில் ‘டியூப்லெஸ்’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். டியூப் டயரில் காற்றைத் தடுக்கும் உள் ரப்பர் படலம் கிடையாது. டயருக்குச் சொன்ன அகலத்துக்குள் ரிம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பீட்டில் டயர் சோப்புப் பசை தடவுங்கள், கிரீஸ் கூடாது. வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றடித்தால் வேகமாக ஏறும். பிடிக்காவிட்டால் டயரின் நடுவே பட்டை கட்டி இறுக்குங்கள், பீட் இரண்டும் வெளியே தள்ளப்படும். 40 பி.எஸ்.ஐ. வரை உட்காரவில்லையா? காற்றை இறக்கி, மீண்டும் சோப்பு தடவி, முதலிலிருந்து தொடங்குங்கள். அதைத் தாண்டினால் பீட் கம்பி அறுந்து டயர் வெடிக்கலாம். ஸ்ப்ரே ஊற்றித் தீவைக்கும் வித்தை வேண்டவே வேண்டாம்.

டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் பீட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஊசியைப் போட்டு, வண்டிக்குரிய அழுத்தம் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மறுநாள், டயர் ஆறியிருக்கும்போதே, மீண்டும் அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: தடிமனாக பவுடர் கோட்டிங் அடித்த ரிம்களில் பீட் சரியாக உட்காராமல் போவதுண்டு. பீட் தளத்தை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், அங்கே மெல்லிய பெயின்ட் போதும். வண்டியில் சரியான அளவு டியூப் ஒன்று இருக்கட்டும். வழியில் போட நேர்ந்தால் டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகித லேபிளை உரித்துவிடுங்கள், அதன் ஓரமே டியூபை உரசிக் கிழிக்கும்.