கட்டிக்குள் நாடாப்புழு: ஸ்லைடில் பார்ப்பது எப்படி?

தோலுக்கடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அதை நம் திசு ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டில் 'கொழுப்புக் கட்டி?' என்று எழுதியிருக்கும். வெட்டினால் தெளிந்த நீர் தெறித்தால் உஷாராகிவிடுங்கள். உள்ளே அரிசிமணி மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். அதுதான் புழுவின் தலை. கத்தி பட்டதும் வழுக்கி ஓடும். அதைத் தவறவிடாமல் பிளாக்கில் (திசுவைப் பதிக்கும் மெழுகுக் கட்டியில்) வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஹெச்-இ என்ற வழக்கமான சாயம் ஏற்றிய ஸ்லைடை முதலில் 4 மடங்கு லென்ஸில் வையுங்கள். சுருண்டு மடிந்த வாய்க்கால்கள் தெரியும். படிக்கிற காலத்தில் நான் இதைச் சுரப்பி என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். சுரப்பியின் ஓரத்தில் செல்கள் வரிசையாக நிற்கும். புழுவின் ஓரமோ வழவழப்பான இளஞ்சிவப்புப் பட்டை. நியூக்ளியஸ்கள் அதற்குக் கீழேதான் கிடக்கும்.

அப்புறம், இல்லாததைத் தேடுங்கள். உருளைப்புழுவுக்கு உடற்குழியும் குடலும் உண்டு. ஃப்ளூக் என்ற தட்டைப்புழுவுக்குக் குழி கிடையாது, குடல் உண்டு. நாடாப்புழுவுக்கு இரண்டுமே கிடையாது. பதிலுக்கு, உடம்பெங்கும் நீல ஊதா நிறச் சுண்ணாம்பு மணிகள், வெட்டிய வெங்காயம் போல வளையம் வளையமாக. அமிலமேறிய பழைய ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவத்தில்) கிடந்த திசுவில் சுண்ணாம்பு கரைந்து இவை வெளிறிப்போகும்.

புழுத்தலையின் கொக்கிகளைப் பார்க்க, நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் இறக்குங்கள். கண்ணாடிச் சில்லு போல மின்னும். ஒரு பைக்குள் ஒரே தலை, நான்கு உறிஞ்சிகள், இரு வரிசையாக 22 முதல் 32 கொக்கிகள் என்றால் பன்றி நாடாப்புழுவின் சிஸ்டிசெர்கஸ், அதாவது அதன் இளம்புழு. ஆனால் ஒரே செக்‌ஷனில் எல்லாக் கொக்கியும் விழாது, எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். மற்ற நாடாப்புழுக்களின் இளம்புழுக்களும் உண்டு: பல தலை இருந்தால் சீனூரஸ். பையே இல்லாமல் கெட்டியான உடம்பில் தசைநார்கள் ஓடினால் ஸ்பார்கானம். செல்லே இல்லாத அடுக்கடுக்கான சுவர், பி.ஏ.எஸ் சாயத்தில் கருஞ்சிவப்பாக ஏறினால் ஹைடாடிட்.

செத்த புழுதான் தொல்லை. ஒருமுறை புஜத்துக் கட்டி ஒன்றில் ஈசினோஃபிலும் (புழுத்தொற்றில் பெருகும் வெள்ளையணு) காசநோயிலும் வரும் ராட்சத செல்களும் மட்டுமே கண்டு, காசநோயாக இருக்கலாம் என்று எழுதிவிட்டேன். இவ்வளவு ஈசினோஃபில் ஏன் என்று உறுத்தியது. கையெழுத்துப் போடுமுன் பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னேன். ஆறாவது ஸ்லைடில் ஒரே ஒரு கொக்கி!

"பன்றிக்கறியே தொட்டதில்லையே" என்றார் அந்த நோயாளி. தொட வேண்டியதில்லை, புழு முட்டை கலந்த தண்ணீரோ பச்சைக் காய்கறியோ போதும். அறிக்கையின் கடைசியில் மூளை ஸ்கேனும் கண் பரிசோதனையும் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கண்ணுக்குள் புழு இருப்பது தெரியாமல் புழுக்கொல்லி மாத்திரை கொடுத்தால், அது சாகும்போது வரும் அழற்சியிலேயே பார்வை போகலாம்.