இரவு இரண்டு மணிக்கு ஏற்காடு கூப்பிட்டால்

"கிளம்பு புள்ள, ஏற்காடு போலாம்" என்று என் கணவர் இரவு இரண்டு மணிக்கு எழுப்பினார். இருபது கொண்டை ஊசி வளைவும் பாடிக்கொண்டே பைக் ஓட்டினார். மேலே நின்று பார்த்தால் சேலம் முழுக்க விளக்கு. என் வாழ்க்கையிலேயே அழகான ராத்திரி அதுதான். நான்கு நாளாக அவர் தூங்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரம் கொலுசுப் பட்டறைக்கு வந்த முன்பணம் முழுவதும் காலி. பைபோலார், அதாவது மனசு அளவுக்கு மீறி வேகமெடுப்பதும் பிறகு இருண்டுபோவதுமான நோய் என்று டாக்டர் சொன்னது அதற்கப்புறம்தான்.

இப்படி ஒருவரை நேசிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: தூக்கத்தை எண்ணுங்கள். அடுக்களை காலண்டரில் அவர் தூங்கிய மணியைத் தினமும் பென்சிலால் எழுதுகிறேன். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அலுப்பே இல்லாமல் எழுந்தால் அது சந்தோஷம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் தொடர்ந்தால் டாக்டருக்குப் போன் செய்வது என்று பேசிவைத்திருக்கிறோம்.

அந்தப் பேச்சை அவர் தெளிவாக இருக்கும் நாளில் பேசிவிட வேண்டும். மனசு வேகமெடுத்திருக்கும்போது பேசினால் சண்டைதான் மிஞ்சும். பைக் சாவி யாரிடம், பணம் யார் கையில், எந்த ஆஸ்பத்திரி என்பதையெல்லாம் அவரே சொல்ல, நான் எழுதினேன். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் என் பெயரை எழுதினார்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். ஆடி மாதம் உறவுக்காரர்கள் உப்பில்லாப் பத்தியம் இருக்கச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் உப்பைத் திடீரென்று குறைத்தாலும், வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். புருஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. லேசான கை நடுக்கம் வழக்கமானது. கொலுசில் சலங்கை பற்றவைக்க முடியாத அளவுக்கு நடுங்கினால், வாந்தி, பேதி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால், உடனே ஆஸ்பத்திரி. லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் போங்கள்.

வேகம் அடங்கியபின் வருகிற இருட்டுதான் எனக்குப் பயம். என் கையைக்கூடத் தள்ளிவிடுவார். அதை என்மேல் ஆசை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வீணாக அழுத நாட்கள் உண்டு. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்கிறேன்: "செத்துப்போலாம்னு தோணுதா மாமா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எனக்காகவும் இரண்டு முறை அழைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, "ஏற்காடு போலாமா?" என்றார். காலண்டரைப் பார்த்தேன். ஏழு, ஏழு, ஆறரை. "காலைல போலாம் மாமா" என்றேன். சரி என்று படுத்துவிட்டார். விடிந்ததும் மாத்திரை டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் எடுத்துவைத்தவர் அவர்தான்.