பல்லாரட்டில் குளிர் கோட்டு வாங்கப் போகிறீர்களா?

ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் குளிர் உடுப்புக்குப் புதுத்துணிக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் ‘ஆப் ஷாப்’ பக்கம் போய்ப் பாருங்கள். வின்னீஸ், சால்வோஸ் போன்ற தொண்டு அமைப்புகளின் கடைகள் இவை. மக்கள் கொடுத்த பொருளை விற்று வரும் பணம் உதவிப் பணிகளுக்குப் போகிறது. நல்ல விஷயம்தானே!

கோட்டின் உள்ளே தைத்திருக்கும் லேபிளில் நூறு சதவீதம் கம்பளியா என்று பாருங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பூச்சி அரித்த பொடி ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். அக்குள், காலர், ஜிப் மூன்றையும் விடாதீர்கள். பொத்தான் போயிருந்தால் கவலையில்லை, தைத்துக்கொள்ளலாம்.

வார இறுதியில் சில கடைகள் சீக்கிரம் மூடிவிடும். வாரநாள் காலையே வசதி. வீட்டுக்கு வந்ததும் கோட்டைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும்.