துருவப் பயணி பேச வரும் வாரம்: சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் சேவைச் சங்கங்கள் வாரா வாரம் கூடுகின்றன. பேச வருகிறவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த மருத்துவராகவோ ஆடிட்டராகவோ இருப்பார். எப்போதாவது ஒரு வாரம் அண்டார்டிகாவில் குளிர்காலம் கழித்தவரோ, பனியில் ஸ்லெட்ஜ் என்கிற சறுக்கு வண்டியை இழுத்து நடந்தவரோ கிடைப்பார். அந்த அபூர்வமான வாரத்தைத்தான் நாம் அதிகமாக வீணாக்குகிறோம். பல வருடம் நிகழ்ச்சிப் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு நேரத்தில் நடக்கிறது. அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்த பொறியாளர் ஒருவரை எங்கள் சங்கத்துக்கு அழைத்திருந்தோம். கூட்டம் ஏழரைக்கு. தலைவர் மணி அடித்தார். இறைவணக்கம், வரவேற்புரை, பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, செயலாளர் அறிக்கை, கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு, மேடையில் இருந்த ஐந்து பேருக்கும் பொன்னாடை. விருந்தினர் கைக்கு மைக் போனபோது மணி எட்டு நாற்பது. ஒன்பது மணிக்குச் சாப்பாடு. மைத்ரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் உதிக்காது. அவர் அந்த இருட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோதுதான் 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று துண்டுச் சீட்டு போனது. மரியாதையான மனிதர், உடனே நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லாமல் விட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதன் பிறகு நாங்கள் வரிசையை மாற்றிக்கொண்டோம். மணி அடித்த பத்தாவது நிமிடத்தில் விருந்தினர் பேசத் தொடங்கிவிட வேண்டும். பேச்சுக்கு 35 நிமிடம், கேள்விக்கு 20 நிமிடம். வாழ்த்துகளும் அறிவிப்புகளும் அதற்கு அப்புறம். பொன்னாடை ஒன்று போதும், அது விருந்தினருக்கு.

அடுத்தது அழைப்பிதழ். பென்குயினும் பனிக்கரடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தை இணையத்தில் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பனிக்கரடி வட துருவப் பகுதியில் வாழ்வது. அண்டார்டிகாவில் அது கிடையாது, ஆர்க்டிக்கில் பென்குயின் கிடையாது. அதேபோல, அண்டார்டிகா போய் வந்த எல்லாரையும் 'தென் துருவம் தொட்டவர்' என்று போடுவதும் தவறு. மைத்ரியிலிருந்து தென் துருவம் 2,100 கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவின் இன்னொரு நிலையமான பாரதியும் துருவத்தில் இல்லை, கடலோரத்தில்தான் இருக்கிறது. 'முதல் இந்தியர்', 'முதல் தமிழர்' என்ற பட்டங்களையும் விருந்தினரிடம் கேட்காமல் போடாதீர்கள். கடல் அறிவியலாளர் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு 1982 ஜனவரியிலேயே அண்டார்டிகாவில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நம்மவர்கள் எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள். இல்லாத பட்டத்தைக் கொடுத்தால் விருந்தினர் மேடையில் அதை மறுத்துப் பேச வேண்டியிருக்கும், அது அவருக்குச் சங்கடம்.

ப்ரொஜெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பனிப் படம் முழுக்க வெள்ளை. டியூப் லைட் எரிந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. திரைக்கு மேலே உள்ள விளக்கின் சுவிட்ச் எது என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். பென்டிரைவையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். துருவப் பயணத்தை வெறும் வீரக்கதையாகவே கேட்டுவிட்டு எழுந்து போகிறோம். 'எப்படி சார் சாதித்தீர்கள்?' என்று கேட்டால் எவராலும் பொதுவான பதிலைத்தான் சொல்ல முடியும். 'எங்கே திரும்பினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் துருவப் பயணி ஷேக்கில்டன் 1909 ஜனவரி 9 அன்று தென் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரத்தில் திரும்பினார். நம் கணக்கில் திருநெல்வேலியிலிருந்து மதுரை தாண்டிக் கொஞ்ச தூரம். அதுவரை யாரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. ஆனால் இருந்த சாப்பாட்டுக்கு அதற்கு மேல் போனால் உயிரோடு திரும்ப முடியாது. உடன் வந்த மூன்று பேரையும் உயிரோடு கூட்டி வந்தார்.

நார்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை அடைந்ததன் பின்னாலும் வெறும் வீரம் இல்லை, முன்யோசனைதான். வழியில் உணவுக் கிடங்குகளைப் போட்டவர், முக்கியமானவற்றுக்குப் பாதைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் பல கிலோமீட்டருக்குக் கொடிகளை நட்டு வைத்தார். பனிமூட்டத்தில் வழி விலகினாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். பிரிட்டனின் ஸ்காட் குழு 1912 ஜனவரி 17 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. திரும்பும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள். கடைசி மூவரின் கூடாரம் இருந்த இடத்திலிருந்து அடுத்த பெரிய கிடங்கு சுமார் 18 கிலோமீட்டர்தான். ஸ்லெட்ஜ் இழுக்கிறவருக்கு ஒரு நாளைக்கு 6,000 கலோரிக்கு மேல் செலவாகும். அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 4,500.

அந்த நிலையிலும் அவர்கள் சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகளைக் கைவிடாமல் இழுத்து வந்திருந்தார்கள். அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற செடியின் இலைப் பதிவு இருந்தது. இந்தியாவில் கோண்ட்வானா என்று அழைக்கப்படும் பழைய நிலக்கரிப் படிவங்களிலும் அதே செடியின் பதிவு இருக்கிறது. ஒரு காலத்தில் நம் நிலமும் அந்த நிலமும் ஒரே கண்டத்தில் இருந்தன என்பதற்கு அது ஒரு சாட்சி. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் வரும் ஒடிசா நிலக்கரியும் அந்தச் செடிகள் வளர்ந்த காலத்துக் காடுகளில் உருவானதுதான். இதை எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் சொன்னபோது, நிலக்கரி லாரி ஓட்டும் தொழில் செய்கிற உறுப்பினர் எழுந்து நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். அன்றைக்குச் சாப்பாடு பத்து மணிக்குத்தான் ஆரம்பித்தது.

கேள்வி நேரத்தில் இன்னொரு தவறு நடக்கும். முன்வரிசைப் பெரியவர்களே மைக்கை வைத்துக்கொள்வார்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளிடம் முதல் மூன்று கேள்வியை விட்டுவிடுங்கள். 'அங்கே எப்படிக் குளிப்பீங்க?', 'பல் வலி வந்தா என்ன செய்வீங்க?' என்று அவர்கள் கேட்பதை அற்பம் என்று அடக்க வேண்டாம். அங்கே நாள்கள் எப்படிப் போகின்றன என்பது அந்தப் பதில்களில்தான் வெளிவரும்.

பனி உருகுவதைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆர்க்டிக் கடலில் மிதக்கிற பனி உருகினாலே நம் கடலோர ஊரான உவரி மூழ்கிவிடும் என்று ஒருவர் சொல்ல, சபை தலையாட்டும். டம்ளர் தண்ணீரில் மிதக்கிற ஐஸ் கரைந்தால் தண்ணீர் மட்டம் ஏறுவதில்லை, மிதக்கும் கடல் பனிக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். நிலத்தின் மேல் இருக்கிற பனிதான் கடலை உயர்த்தும். கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் சுமார் 7 மீட்டர், அண்டார்டிகாப் பனி முழுதும் உருகினால் சுமார் 58 மீட்டர். அவ்வளவும் உருக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆனால் அரை மீட்டர் ஏறினாலே உவரி, இடிந்தகரைக் கடற்கரைகளுக்குப் பாதிப்புதான். இந்த வேறுபாட்டை விளக்கச் சொல்லி விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவுப்பரிசாகப் பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்து, விமானத்தில் போகிறவரைச் சுமக்க வைக்காதீர்கள். பத்தமடைப் பாய் கொடுங்கள். சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம், நம் ஊர்க் கோரையில் நெய்தது. அப்புறம், அவர் ஊருக்கு ரயில் மறுநாள் இரவில்தான் என்றால் அந்தப் பகலைச் சும்மா விடாதீர்கள். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன. நம் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருவோம், ஒரு பள்ளி மைதானத்தில் நானூறு பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள். அவருக்குச் சம்மதமா என்று அழைக்கும்போதே கேட்டுவிட்டால் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்க ஒரு வாரமாவது கிடைக்கும்.